பொன்னுருக்குக்கு வந்த மெக்சிகோ தோடு

மெர்சிங்கில் மகள் வீட்டோடு ஒதுங்கிவிட்ட என்னை முதலாளி சிகாமட்டுக்கு வரவழைத்து, நகைப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வரோடும் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார். பற்றவைப்பதையும் மெருகு போடுவதையும் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதை வேலையே சொல்லித்தரும். ஒரு தரம் விரல் சுட்டால் மறுநாள் நீங்களே சரியாகப் பிடிப்பீர்கள். ஒரே ஒரு காலை வேளையில் எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் ஒரு தவறு நான் செய்தது, இன்னொன்று செய்யவிருந்தது.

அதற்கு முன் சின்ன விஷயம் ஒன்று. நான் கடையில் சேர்ந்த புதிதில் ஓர் இளம்பெண் மாமியாரோடு வந்து, அறுந்த சங்கிலி ஒன்றை ஒட்டித்தரக் கேட்டாள். நான் உரைத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே, "இது கவரிங்மா, ஒட்டினா நிக்காது" என்று சத்தமாகச் சொன்னேன். தாய்வீட்டுச் சீதனமாக வந்த சங்கிலி அது. மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கள் கடைப் படி ஏறவே இல்லை. உங்களுக்கு இப்போது மெஷின் இருக்கிறது, நகையை வைத்ததும் என்ன உலோகம் என்று காட்டிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப்போவது நீங்கள்தான்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

நம் ஊரில் அரசாங்கப் பொறியாளராக இருந்த ஓர் இலங்கைத் தமிழரின் மனைவி மார்த்தா. மெக்சிகோ நாட்டுக்காரர். வெளிநாட்டில் படிக்கும்போது இருவரும் பழகி, கல்யாணம் செய்துகொண்டு இங்கே மலேசியாவுக்கு வந்தார்கள். மார்த்தா சந்தையில் மலாய் கற்றுக்கொண்டார், வீட்டில் தமிழ் கற்றுக்கொண்டார். இரண்டையும் தன் நாட்டு ராகத்தில் பேசுவார். ஒரே மகன், திலீபன். சிங்கப்பூரில் வேலை. அவனுக்கு ஜொகூர் பாருவில் பெண் முடிவானபோது அவனுடைய அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் கல்யாண காரியங்களை அப்பாவின் அக்கா பரமேஸ்வரி அம்மாதான் முன்னால் நின்று நடத்தினார்.

இலங்கைத் தமிழர் வீடுகளில் கல்யாணத்துக்கு முன் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு உண்டு. நல்ல நேரத்தில், மாப்பிள்ளை வீட்டில், உறவினர் முன்னிலையில் பத்தர் ஒரு தங்க நாணயத்தை உருக்குவார். அந்தப் பொன்னை எடுத்துப்போய்த்தான் தாலி செய்ய வேண்டும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடப் பரமேஸ்வரி அம்மா கடைக்கு வந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை காலம்பற எட்டரையிலயிருந்து ஒன்பதேகால் வரைக்கும் நல்ல நேரம். சாமானோட எட்டு மணிக்கே வந்திடுங்கோ."

"நாணயம் இருக்காம்மா?"

"அதெல்லாம் கைவசம் இருக்கு."

சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். உருக்கப்போகும் பொன்னை முன்கூட்டியே வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? எத்தனையோ பொன்னுருக்கு செய்தவன். எப்போதும் கடை நாணயம்தானே வரும், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். நான் செய்த தவறு இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக் கூடத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கும்பம் வைத்து, தாம்பாளத்தில் வெற்றிலை, தேங்காய், பழம் எல்லாம் அடுக்கியிருந்தார்கள். உறவினர் இருபது பேருக்கு மேல் இருக்கும். நான் பாயை விரித்து, கரிச்சட்டியை வைத்து, பொன்னை உருக்கும் மூசையை அதில் பதித்தேன். மூசை என்பது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் மண்கிண்ணம். பரமேஸ்வரி அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மார்த்தா அடுப்பங்கரை வாசலில் நின்றார். கணவர் இல்லாதவர் என்பதால் முன்னே வரவில்லை. வர வேண்டாம் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. வா என்றும் யாரும் கூப்பிடவில்லை.

எட்டரைக்கு விளக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பொன்னைக் கேட்டுக் கையை நீட்டினேன். திலீபன் ஒரு சின்ன தகர டப்பாவைத் தந்தான். பஞ்சுக்கு நடுவில் ஒற்றைத் தோடு இருந்தது.

"அண்ணே, நாணயம் வேணாம். இத உருக்குங்க. அம்மாவோட அப்பா செஞ்சது. ஜோடியில இன்னொண்ணு அம்மாகிட்டயே இருக்கட்டும்."

நான் பரமேஸ்வரி அம்மாவைப் பார்த்தேன். "நேற்றுத்தான் எனக்கே சொன்னவன். நான் என்ன செய்யிறது? தாய்ப்பக்கத்துப் பொன்னும் பொன்தானே. தொடங்குங்கோ தம்பி, நேரம் போகுது."

தோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பிறை வடிவம். பிறைக்குள் இரண்டு குருவிகள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கின்றன. குருவி, பூ, கொடி எல்லாமே கம்பி வேலை. தலைமுடி கனத்தில் இரண்டு கம்பிகளை முறுக்கி, தட்டையாக்கி, சுருள் சுருளாகச் சுற்றி நிரப்பியிருந்தார் அந்த மனிதர். கீழே மூன்று குட்டி இலைகள் தொங்கின. என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலையை நான் கையில் பிடித்ததில்லை. இதையா உருக்கச் சொல்கிறார்கள்?

பிறகுதான் கை வேறொன்றைச் சொன்னது. அந்த அளவு தங்கம் இவ்வளவு லேசாக இருக்காது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காதுக்குள் போகும் கொக்கியைப் பார்த்தேன். வருடக்கணக்காகத் தேய்ந்த இடத்தில் மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தது. வெள்ளியில் செய்து, மேலே தங்க முலாம் பூசியிருக்கிறது.

நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, தயங்குகிறேன் என்று நினைத்தோ என்னவோ, மார்த்தா வாசலிலிருந்தே சொன்னார்: "அண்ணே, யோசிக்காதீங்க. நான் கல்யாணம் ஆகி வர்றப்போ அப்பா குடுத்தாரு. இது தங்கம், ரொம்ப தூரம் போற, கஷ்டம் வந்தா வித்துக்கோன்னு சொன்னாரு. நான் விக்கல. இப்ப மருமக கழுத்துல இருக்கட்டும்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

அந்த நிமிடத்தில் எனக்கு முன்னால் இருந்தவற்றைச் சொல்கிறேன். ஒன்றும் சொல்லாமல் உருக்கலாம். உருக்கினால் மூசையில் வெளுத்த கட்டி ஒன்று நிற்கும், இருபது பேரும் பார்ப்பார்கள். அபசகுனம் என்பார்கள். சத்தமாகச் சொல்லலாம். சொன்னால் அந்தக் கவரிங் சங்கிலிக்காரப் பெண்ணின் முகத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. என் பெட்டியின் மூலையில் சொந்தத் தங்கத் துண்டு ஒன்று எப்போதும் கிடக்கும். தோட்டை மூசையில் போடுவதுபோல் உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, துண்டைப் போட்டுவிட்டால் போதும். ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. மார்த்தாவுக்குச் சந்தோஷம், பரமேஸ்வரி அம்மாவுக்குத் திருப்தி, மாப்பிள்ளைக்கு நிம்மதி.

என் கை பெட்டிக்குள் போய்விட்டது. விரல் துண்டைத் தொட்டுவிட்டது. இதை நான் உங்களிடம் மறைக்கவில்லை.

என்னை நிறுத்தியது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் கணக்குதான். துண்டை உருக்கினால் அந்தப் பெண் வாழ்நாளெல்லாம் கழுத்தில் போடப்போவது என் பெட்டியில் கிடந்த தங்கம். மார்த்தாவின் அப்பா அதில் எங்கே இருக்கிறார்? அவர் செய்த தோடு என் பையில் இருக்கும். அதை நான் யாருக்கும் காட்டவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒருவருடைய பொருளைத் திருடியிருப்பேன்.

கையை வெளியே எடுத்தேன். "அம்மா, அடுப்பில வைக்கறதுக்கு முன்னாடி, பொன்னைக் குடுத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். மாப்பிள்ளையும் வரட்டும். அஞ்சு நிமிஷம்" என்றேன்.

"இப்பவோ? எட்டு நாற்பதாகுது!"

"நேரத்துக்குள்ள முடிச்சிடலாம்மா."

அடுப்பங்கரையில் வடை சுட்டுக்கொண்டிருந்த பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பேச்சைச் சுற்றி வளைக்க நேரம் இல்லை. உரைகல்லில் கொக்கியைத் தேய்த்துக் காட்டினேன். கருப்புக் கல்லில் வெள்ளைக் கோடு விழுந்தது.

"இது வெள்ளிங்கம்மா. மேல தங்க முலாம்."

மலாய்க்காரர்கள் ஐயோ என்பதுபோல், "அலமாக்" என்று திலீபன் வாய்க்குள் சொன்னான்.

மார்த்தா கல்லை வாங்கி, கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அழிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. "அப்பா என்னை ஏமாத்தினாரா?" என்று கேட்டார்.

கல்லை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரே பேசினார்.

"வெள்ளம் வந்த வருஷம் ஜன்னல் வரைக்கும் தண்ணி. எல்லாம் போச்சு. இவன் கைக்குழந்தை. இத எடுத்துக்கிட்டு அடகுக் கடை வாசல்ல போய் நின்னேன். அப்பா செஞ்சதாச்சேன்னு மனசு வரல, திரும்பி வந்துட்டேன். அன்னைக்கு உள்ள போயிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"உங்க அப்பா மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "உங்க ஊர்ல முலாம் போட்டதையும் தங்கம்னுதான் சொல்வாங்களா, அதுவும் தெரியாது. எனக்கு வேலை மட்டும்தான் தெரியும். எத்தனை சுருள் இருக்குன்னு எண்ணிப் பார்த்தேன், முடியல. ஒட்டவச்ச பத்து ஒரு இடத்துலகூட வழியல. தேய்ஞ்ச இடத்தப் பார்த்தா முலாமும் ஒரு தடவ பூசினதா தெரியல, திரும்பத் திரும்பப் பூசியிருக்காரு. இத என்னால செய்ய முடியாது. இந்த ஜொகூர்ல செய்யக்கூடிய ஆள் யாரையும் நான் பார்த்ததில்ல."

திலீபன் அம்மாவின் தோளைப் பிடித்தான். "அம்மா, இத உருக்க வேணாம்."

"உருக்கலன்னா நான் என்ன குடுக்கறது?" மார்த்தா மகனைத் திரும்பிப் பார்த்தார். "உங்க அப்பா இல்ல. நான் முன்னால வர முடியாது. பொண்ணுக்கு நான் குடுக்கறது இது ஒண்ணுதான் இருந்துச்சு."

கதவுக்கு வெளியே பரமேஸ்வரி அம்மா யாரிடமோ மணி கேட்பது காதில் விழுந்தது.

எனக்கு ஒன்று தோன்றியது. அது தோன்றியதற்குத் தொழில்தான் காரணம். கடை நாணயம் சுத்தத் தங்கம். அதை அப்படியே தாலியாக அடித்தால் விரலால் அழுத்தினாலே வளையும். கொஞ்சம் வெள்ளியும் செம்பும் சேர்த்தால்தான் உறுதி வரும். வழக்கமாக அதை நாங்கள் பட்டறைக்கு வந்து, எங்களிடம் இருக்கும் வெள்ளியில் சேர்ப்போம்.

"அம்மா, தாலிக்கு எப்படியும் வெள்ளி சேர்க்கணும். அந்த வெள்ளி இதுலேருந்து வரட்டும்" என்றேன். "கீழ தொங்குற இலையில ஒண்ணு போதும். வளையத்தத் திறந்து எடுத்துடலாம், தோட்டுக்கு ஒண்ணும் ஆகாது. தங்கம் நாணயத்திலேருந்து வரும். அதுக்கு உறுதி உங்க அப்பா வெள்ளியிலேருந்து வரும்."

மார்த்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சும்மா என்னைச் சமாதானப்படுத்த சொல்றீங்களா?"

"இல்லம்மா. நான் செஞ்ச எல்லா தாலியிலயும் வெள்ளி இருக்கு."

"அத்தைகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டான் திலீபன். "மனசு மாறிட்டோம், நாணயத்தையே உருக்கலாம்னு மட்டும் சொல்லிடலாமா?"

"அது உங்க வீட்டு விஷயம், தம்பி. நான் வெளிய ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனா என்னை நேரா கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

இருவரும் முடிவு செய்யட்டும் என்று நான் கதவுப் பக்கம் திரும்பி நின்றேன். மார்த்தா முகத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். தோட்டை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் அவரே கதவைத் திறந்து கூடத்துக்குப் போனார்.

"மச்சாள்" என்றார். கணவரின் அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "இது தங்கம் இல்ல. வெள்ளி. மேல முலாம். எனக்கும் இப்பதான் தெரியும்."

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் காதில் என்னவோ சொன்னாள். பரமேஸ்வரி அம்மா தோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இலை விஷயத்தைச் சொன்னேன்.

"பொன்னுருக்கில வெள்ளி சேர்க்கலாமோ தம்பி? எங்கட ஆக்கள் சேர்க்கிறேல்லையே."

"சேர்க்கறதுதாம்மா. உங்க கண் முன்னால சேர்க்கறதில்ல, பட்டறையில சேர்ப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் கை தன் கழுத்துக்குப் போனது. "அப்ப என்ட தாலியிலயும் வெள்ளி இருக்கோ?"

"இருக்கும்மா. இல்லன்னா இத்தனை வருஷம் தாங்கியிருக்காது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் மணி ஒன்பதாக ஐந்து நிமிடம். பிறகு கைப்பையைத் திறந்து, சிவப்புக் காகிதத்தில் மடித்த தங்க நாணயத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "எதுக்கும் கையோட கொண்டு வந்தனான். தொடங்குங்கோ."

இலையைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, நாணயத்தை மூசையில் போட்டு ஊதினேன். முதலில் ஓரம் சிவந்தது, பிறகு நாணயத்தில் இருந்த எழுத்துகள் மறைந்தன, பிறகு எல்லாம் ஒரு துளியாகத் திரண்டு கண்போல மினுங்கியது. இடுக்கியில் இலையைப் பிடித்து நீட்டப் போனேன்.

"பொறுங்கோ" என்றார் பரமேஸ்வரி அம்மா. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மார்த்தா, இஞ்ச வா. நீ போடு."

பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"தாய்தானே! சும்மா இருங்கோ எல்லாரும்."

மார்த்தா வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். இடுக்கியை அவர் கையில் கொடுத்தேன். நான் இன்னோர் இடுக்கியால் மூசையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். இலை விழுந்தது. ஒரு கணம் துளியின் மேல் மிதந்து நின்றது, அப்புறம் இல்லை. பொன்னின் நிறம் மாறியதாக யாருக்கும் தெரியவில்லை. ஆறியதும் வெற்றிலையில் வைத்துத் திலீபனிடம் தந்தேன். அவன் அதை முதலில் யாருக்குக் காட்டுவது என்று விழித்தான். பரமேஸ்வரி அம்மா முகத்தாலேயே மார்த்தாவைக் காட்டினார்.

நான் சாமர்த்தியமாகச் சமாளித்த கதை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளே பொன்னைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருந்தால், அந்த அம்மா தன் அப்பாவைப் பற்றிய அந்தச் சேதியை நிதானமாகத் தெரிந்துகொண்டிருப்பார். அழுவதற்கு அவருக்கு ஒரு நாள் கிடைத்திருக்கும். என் சோம்பேறித்தனத்தால் அவருக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம், அதுவும் வடைச்சட்டிக்குப் பக்கத்தில், வெளியே ஆட்கள் மணி பார்த்துக்கொண்டிருக்கும்போது. காரியம் நல்லபடியாக முடிந்தது அந்த இரண்டு பெண்களால். நான் செய்ததெல்லாம் பெட்டியிலிருந்து கையை வெளியே எடுத்ததும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதும்தான். அடுத்த வாரத்திலிருந்து, நாணயமே ஆனாலும் முன்கூட்டிப் பார்க்காமல் எந்தப் பொன்னுருக்குக்கும் நான் போனதில்லை. நீங்களும் போகாதீர்கள்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, மழைக்காலத்தில், மார்த்தா கடைக்கு வந்தார். இரண்டு தோடுகளையும் என் முன்னால் வைத்தார். ஒன்றில் மூன்று இலை, மற்றதில் இரண்டு. கொக்கிகள் தேய்ந்து மெலிந்திருந்தன. மாற்றித்தரக் கேட்டார்.

"அந்த ஒரு இலைய செஞ்சு வச்சிடவாம்மா? கிட்டத்தட்ட வரும்."

"வேணாம்."

"முலாம் போட்டுத் தரவா? புதுசு மாதிரி ஆயிடும்."

அவர் தேய்ந்த இடத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். "வேணாம் அண்ணே. கொக்கிய வெள்ளியிலயே போடுங்க. மத்தது அப்படியே இருக்கட்டும்."

அவர் காத்திருக்கும்போதே வேலையை முடித்துக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் மாட்டிக்கொண்டார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குங்க. தங்கமா?" என்று கேட்டார்.

"வெள்ளி" என்றார் மார்த்தா, கடையில் எல்லாருக்கும் கேட்கும் குரலில். "எங்க அப்பா செஞ்சது."